மருந்தடிச்ச அன்னிக்குக் குடிக்கிற ‘ஈரல் கழுவுற’ கஷாயம்: நிஜமாவே கழுவுதா?

கூடலூர்_செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் கூடலூர்ல இருந்து எழுதுறேன். அப்பாவுக்கு அம்பத்தாறு வயசு. கம்பம்மெட்டு வழியா ஜீப்புல ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போறவர். எனக்கு விவரம் தெரிஞ்சதுல இருந்து அந்த வேலைதான். மருந்தடிச்ச அன்னிக்கு ராத்திரி ஒரு டம்ளர் கஷாயம் குடிப்பார். மேல தோட்டத்து லய வீட்டுல ஒருத்தர் காய்ச்சி பாட்டில்ல ஊத்தி விக்கிறார், லேபிள் எதுவும் கிடையாது. உள்ள போன விஷத்தை ஈரல்ல இருந்து கழுவி எடுத்துரும்னு சொல்லித்தான் விக்கிறாங்க.

போன மாசம் அப்பாவுக்கு டிபின்னு தெரிஞ்சு மாத்திரை ஆரம்பிச்சிருக்கு. சுகருக்கு கிளிமிபிரைடும் மெட்பார்மினும் முன்னாடியே சாப்பிடுறார். ரெஸ்ட் எடுக்கச் சொல்லியும் கேக்காம திரும்ப மலை ஏறிட்டார். எல்எஃப்டின்னு ஈரலுக்கான ரத்த டெஸ்ட் எடுத்ததுல எஸ்ஜிபிடி 34, நார்மல். “பாத்தியா, கஷாயம் குடிக்கப் போயிதான் ஈரல் சுத்தமா இருக்கு”ன்னு அந்தக் காகிதத்தை எல்லார்கிட்டயும் காட்டுறார். ஆனா சாப்பாட்டைக் குறைச்சும் சுகர் ஏறிக்கிட்டே போகுது. கஷாயத்தை நிறுத்தச் சொல்லவா, விட்டுரவா? வேதியியல் தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

மெட்டுக்காரன்:
நம்ம ஜீப்புல வர்றவங்க பாதிப் பேர் அதைத்தான் குடிக்கிறாங்க தங்கச்சி. சும்மா கசப்புன்னா கசப்பு. மருந்தடிக்கிற நாள் எப்படி இருக்கும்னு தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல நிக்கும். ஸ்ப்ரே கன்னை மேல தூக்கித் தட்டைக்கும் இலைக்கும் அடிக்கிறப்ப பாதி நம்ம தலையிலதான் சொட்டும். பத்து மணிக்கெல்லாம் சட்டை முதுகோட ஒட்டிக்கும். கையுறை போட்டா ஓஸைப் பிடிக்க வராதுன்னு யாரும் போடுறதில்ல. மத்தியானம் ஓடைத் தண்ணியில கையை நனைச்சுட்டு தூக்குவாளியைத் திறக்குறதுதான். அதே சட்டையோட சாயங்காலம் ஜீப்புல நெருக்கியடிச்சு இறக்கம். கஷாயம் இல்லாதவன் கால் பாட்டில் பிராந்தி போடுவான். ரெண்டையும் போடுறவனும் உண்டு.

மூலிகைப்பித்தன்:
நிறுத்தச் சொல்லாதீங்க. கீழாநெல்லியும் கரிசாலையும் ஈரலுக்கு எவ்வளவு நல்லதுன்னு நம்ம பாட்டிமாருக்குத் தெரியும். மஞ்சக்காமாலைக்கு இன்னைக்கும் கீழாநெல்லிதான் கொடுக்குறோம். எஸ்ஜிபிடி 34ங்கிறதைவிட என்ன அத்தாட்சி வேணும்?

போடி_வேதியியல்_வாத்தியார்:
செல்வி, முதல்ல அந்தக் காகிதத்தைப் பார்த்துருவோம். எஸ்ஜிபிடி, எஸ்ஜிஓடி ரெண்டும் ஈரல் செல்லுக்குள்ள இருக்க வேண்டிய நொதிகள். செல் சிதைஞ்சா ரத்தத்துல கசியும், அந்தக் கசிவைத்தான் லேப்ல அளக்குறாங்க. மருந்தையும் விஷத்தையும் உடைக்கிற நொதிகள் வேற கூட்டம். அதுங்க எவ்வளவு இருக்கு, எவ்வளவு வேகத்துல ஓடுதுன்னு எல்எஃப்டியில ஒரு வரிகூட இருக்காது. 34ன்னா இப்போதைக்குச் செல் பெரிசா சிதையலைன்னு அர்த்தம். கஷாயம் எதையாவது கழுவுச்சான்னு அந்த எண்ணைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

உடைக்கிற கூட்டத்துல பெரிய குடும்பம் சைட்டோகுரோம் பி450. 1962-ல சுனேயோ ஓமுரா, ரியோ சாட்டோன்னு ரெண்டு ஜப்பானியர்கள் இதை அடையாளம் கண்டு பேர் வச்சாங்க. கார்பன் மோனாக்சைடு ஒட்டினா 450 நானோமீட்டர்ல ஒளியை உறிஞ்சும், அதான் அந்த எண். மனுசனுக்கு இதுல 57 மரபணு இருக்கு. ஈரல் செல்லுக்குள்ள இருக்கிற சவ்வு மடிப்புகள்லதான் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும், குடல் சுவர்லயும் நிறைய உண்டு.

மருந்து, செடியோட எண்ணெய், பூச்சிக்கொல்லி எல்லாமே பெரும்பாலும் கொழுப்புல கரையுற சாமான். சிறுநீரகம் அதை வெளிய தள்ளப் பார்த்தா திரும்ப உடம்புக்குள்ளயே ஊறிப் போயிரும். அதனால ஈரல் ரெண்டு படியா வேலை பார்க்குது. முதல் படியில பி450 ஒரு ஆக்சிஜனைச் சேர்க்கும், இல்லாட்டி ஒரு துண்டை வெட்டும். ரெண்டாம் படியில வேற நொதிகள் அந்த இடத்துல குளுக்குரோனிக் அமிலம், சல்பேட், குளூட்டத்தயோன் மாதிரி தண்ணியில கரையுற ஒண்ணை ஒட்டிவிடும். அப்புறம் மூத்திரத்துலயோ பித்தநீர்லயோ போயிரும்.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. ஏலக்காய் வாசனைல முக்கியமான சரக்கு சினியோல். டீயில தட்டிப் போட்டுக் குடிக்கிறோமே, அந்தச் சினியோலை உடைக்கிறது 3ஏ4ங்கிற பி450. நாம சாப்பிடுற அலோபதி மாத்திரைகள்ல மூணுல ஒண்ணுக்குக் குறையாம உடைக்கிறதும் அதே 3ஏ4தான். செடிகள் தன்னைத் தின்ன வர்றதுகளை விரட்ட ஆயிரம் ரசாயனம் செய்யும், அதுகளைச் சமாளிக்கத்தான் உயிர்கள்ல இந்த நொதிக் குடும்பம் இவ்வளவு பெருத்துச்சுங்கிறது பல ஆய்வாளர்கள் கருத்து. மாத்திரைக் கம்பெனியெல்லாம் நேத்து வந்தது.

மெட்டுக்காரன்:
அப்ப ஈரல் நம்ம குமுளி செக்போஸ்ட் மாதிரின்னு சொல்லுங்க சார். கெட்ட சரக்கைப் பிடிச்சு நிறுத்திரும்.

போடி_வேதியியல்_வாத்தியார்:
அங்கதான் வில்லங்கம் தம்பி. இந்த செக்போஸ்ட்டுக்கு நல்ல சரக்கு, கெட்ட சரக்குன்னு பார்க்கவே தெரியாது. உருவம் பொருந்தினா ஆக்சிஜனைச் சேர்த்து அனுப்பும். சேர்த்தப்புறம் அது சாதுவாகவும் ஆகலாம், முன்னைவிட மோசமாகவும் ஆகலாம்.

உங்க மலையில வேர்ப்புழுவுக்குத் தூர்ல ஊத்துற குளோர்பைரிபாஸையே எடுத்துக்குங்க. முன்னாடி இலைப்பேனுக்கு அடிச்ச குயினல்பாஸும் அதே சாதி. டப்பாவுல இருக்கிறப்ப அந்த மூலக்கூறுல பாஸ்பரஸோட ஒரு கந்தகம் ஒட்டியிருக்கும். அந்த நிலையில அது நரம்பைப் பெரிசா ஒண்ணும் பண்ணாது. உடம்புக்குள்ள போனதும் ஈரல் பி450 அந்தக் கந்தகத்தைக் கழட்டிட்டு ஆக்சிஜனை மாட்டும். இப்ப அதுக்குப் பேர் ஆக்சான். நரம்பு முனையில சேதி கடத்துற அசிட்டைல்கோலினை உடைக்கிற கோலினெஸ்டரேஸ்ங்கிற நொதியைப் போய்க் கவ்விப் பிடிக்கிறது இந்த ஆக்சான்தான். பூச்சியும் தன்னோட பி450-ஐ வச்சு இதே வேலையைச் செஞ்சுதான் சாகுது. அதாவது விஷத்தைத் தயார் பண்றதே நம்ம நொதிதான்.

நெடுங்கண்டம்_சின்னத்தோட்டம்:
எல்லாப் பழியையும் ஏலக்காரன் தலையில போடுறதே வேலையாப் போச்சு. இலைப்பேன் விழுந்தா காய் தோல் சொறி பிடிச்சு பாதி விலைகூடப் போகாது. மருந்தடிக்காம ஏலம் எடுத்துக் காட்டுங்க சார், நான் காலைத் தொட்டுக் கும்பிடுறேன். என்கிட்ட மருந்தடிக்கிறது மூணு பேர். அவங்களோட நானும் ஓஸ் இழுக்குறேன்.

ஆனா ஒரு கேள்வி. ஈரல்தான் விஷமாக்குதுன்னா, ஈரலைத் தூண்டிவிடுற டானிக் குடிச்சா இன்னும் கூடுதலா விஷம் ஆகாதா?

போடி_வேதியியல்_வாத்தியார்:
இந்த இழையிலேயே நல்ல கேள்வி உங்களுதுதான்.

குளோர்பைரிபாஸுக்கு ஈரல்ல ரெண்டு வழி இருக்கு. 2பி6ங்கிற நொதி அதைப் பெரும்பாலும் ஆக்சான் பக்கம் தள்ளும். 2சி19ங்கிறது பெரும்பாலும் ரெண்டா வெட்டிச் செயலிழக்க வைக்கும். ஆக்சான் ஆனதையும் பிடிக்க இன்னொரு ஆள் உண்டு, பாரஆக்சனேஸ், சுருக்கமா பான்1. ஈரல் அதைச் செஞ்சு ரத்தத்துல விடும். எந்த வழி எந்த ஆளுக்கு அகலம்ங்கிறது பரம்பரையைப் பொறுத்தது. ரத்தத்துல பான்1 அளவு ஆளுக்கு ஆள் பத்து மடங்குக்கு மேலகூட வித்தியாசப்படும். ஒரே நாள், ஒரே டேங்க், ஒரே வரிசையில நின்னு அடிச்ச ரெண்டு பேர்ல ஒருத்தனுக்கு மட்டும் நெஞ்சு இறுக்கம் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம். மத்தவன் உடம்பு உறுதின்னு நாம பேசிக்கிறோம். பச்சைக் குழந்தைகளுக்குப் பான்1 ரொம்பக் கம்மி. மருந்தடிச்ச சட்டையைக் குழந்தைத் துணியோட ஊற வைக்கக் கூடாதுன்னு சொல்றது அதனாலதான்.

ஆக, ‘ஈரலைத் தூண்டுது’ன்னு யாராவது சொன்னா எந்த நொதியைன்னு கேக்கணும். எல்லாத்தையும் நல்ல பக்கமா மட்டும் தூண்டுற டானிக் ஒண்ணும் கிடையாது.

ஆளுக்கு ஆள் வித்தியாசம்ங்கிறதுக்கு ஒரு பழைய கதை. 1975-ல லண்டன்ல ராபர்ட் ஸ்மித்னு ஒரு ஆராய்ச்சியாளர், டெப்ரிசோகுயின்ங்கிற பிரஷர் மாத்திரையைத் தானும் முழுங்கி, கூட வேலை பார்த்தவங்களுக்கும் கொடுத்தார். மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகலை. அவருக்கு மட்டும் பிரஷர் இறங்கி எழுந்திரிச்சு நிக்க முடியலை. அவர் உடம்புல 2டி6ங்கிற நொதி சரியா வேலை செய்யலைன்னு பின்னாடிதான் புரிஞ்சது.

நெடுங்கண்டம்_சின்னத்தோட்டம்:
சரி சார். ரெண்டு மூணு மருந்தைக் கலந்து ஒரே டேங்கில அடிக்கிறோமே, அது?

போடி_வேதியியல்_வாத்தியார்:
மாலத்தியான் கதையைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்குங்க. மாலத்தியான் மனுசனுக்கு ஓரளவு சாதுவான மருந்துன்னு பேர். காரணம், நம்ம ஈரல்ல கார்பாக்சிலெஸ்டரேஸ்னு ஒரு நொதி அதை வேகமா வெட்டிப் போட்டுரும், பூச்சிகிட்ட அது கம்மி. 1976-ல பாகிஸ்தான்ல மலேரியா ஒழிப்புக்கு வீடு வீடா மாலத்தியான் அடிச்ச தொழிலாளிகள்ல சுமார் 2,800 பேருக்கு விஷம் ஏறிச்சு, 5 பேர் செத்தாங்க. சரக்குல ஐசோமாலத்தியான்னு ஒரு கசடு இருந்தது. சரக்கு வெயில்ல கிடந்து சூடேறினா அது கூடும். அந்தக் கசடு நம்ம கார்பாக்சிலெஸ்டரேஸை முடக்கிப் போட்டுருச்சு. காவல் போனதும் சாதுவான மருந்தே ஆளைக் கொன்னுருச்சு. டேங்கில கலக்குறப்பவும் ஒண்ணு மத்ததோட காவலை முடக்க வாய்ப்பிருக்கு. தகர ஷெட்டுல ரெண்டு கோடை தாண்டின டப்பாவையும் இதோட நினைச்சுக்குங்க.

மெட்டுக்காரன்:
மோனோகுரோட்டபாஸும் இதே சாதியா? கேரளாக்காரன் தடை பண்ணிட்டான்னு கீழ இருந்து வாங்கிட்டுப் போறதைப் பார்த்திருக்கேன்.

போடி_வேதியியல்_வாத்தியார்:
அது இன்னும் மோசம். அதுல கந்தகமே கிடையாது, டப்பாவுலயே ஆக்சிஜனோடதான் இருக்கு. ஈரல் தயார் பண்ற வரைக்கும் காத்திருக்காது, நேரா நரம்புக்குப் போகும். கேரளம் 2011-ல தடை செஞ்ச 14 மருந்துகள்ல அதுவும் ஒண்ணு. மெட்டுக்கு அந்தப் பக்கம் தடை, அப்ப இந்தப் பக்கம் கடையில வாங்கலாம்னு இருந்ததால சரக்கு எந்தத் திசையில போயிருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?

தேவாரம்_பாண்டி:
இன்னைக்கு புத்தடி ஏலத்துல காய் என்ன ரேட்டு போச்சுண்ணே?

நெடுங்கண்டம்_சின்னத்தோட்டம்:
விலை இழை மேல தனியா இருக்கு பாண்டி. அங்க வா.

குமுளி_பார்மசிஸ்ட்:
செல்வி, கடை அடைச்சிட்டு இப்பதான் முழுசாப் படிச்சேன். எல்லாரும் பூச்சிமருந்தையே பேசுறீங்க, சுகர் ஏறுதுன்னு நீங்க எழுதினதை யாரும் கவனிக்கலை.

டிபி மாத்திரையில ரிஃபாம்பிசின் இருக்கு. மூத்திரம் ஆரஞ்சாப் போகுமே, அதேதான். மருந்து உடைக்கிற நொதிகளைக் கூட்டுறதுல அதை மிஞ்சின மாத்திரை அபூர்வம். ஒண்ணு ரெண்டு வாரத்துல ஈரல் 3ஏ4-ஐயும் 2சி9-ஐயும் மளமளன்னு கூடுதலாச் செய்ய ஆரம்பிச்சிரும். கிளிமிபிரைடை உடைக்கிறது 2சி9. மாத்திரையை அப்பா ஒழுங்காச் சாப்பிட்டாலும் ஈரல் சீக்கிரமே தீர்த்துருது, அதனால சுகர் ஏறலாம். டிபியாலயும் சுகர் ஏறும், ரெண்டையும் டாக்டர்தான் பிரிச்சுப் பார்க்கணும். மெட்பார்மினுக்கு இந்தச் சிக்கல் இல்ல. ஈரல் அதைத் தொடுறதே இல்ல, சிறுநீரகம் வழியா அப்படியே போயிரும். கேள்வியைத் தயங்காம டாக்டர்கிட்ட வைங்க. முக்கியமா, டிபி கோர்ஸ் முடிஞ்சு ரிஃபாம்பிசின் நின்னதும் ரெண்டு வாரத்துல நொதி பழைய அளவுக்கு இறங்கிரும். நடுவுல சுகர் மாத்திரையைக் கூட்டியிருந்தா, அப்ப லோ சுகர் ஆகி மயங்கி விழுவாங்க. அதுவும் காட்டுக்குள்ள தனியா நிக்கிறப்ப.

வேற யாராவது டிபி மாத்திரை சாப்பிடுற பெண்கள் படிச்சா: கருத்தடை மாத்திரை இந்த நேரத்துல காலை வாரிவிடும், வேற முறைக்கு மாறணும். ரத்தம் உறையாம இருக்க வார்பரின் சாப்பிடுறவங்களுக்கும் இதே கதை.

மூலிகைப்பித்தன்:
இங்கிலீஷ் மருந்து ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கும்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. மூலிகைக்கு அந்த வம்பே இல்ல.

குமுளி_பார்மசிஸ்ட்:
பித்தன் அண்ணே, கோபப்படாமக் கேளுங்க. ஈரலுக்கு மூலிகைங்கிறது மாதிரியே மூலிகைக்கும் ஈரல்தான். அதையும் அதே நொதிதான் உடைக்கணும்.

கசாயம்னா மிளகும் திப்பிலியும் இல்லாம இருக்காதே. ரெண்டுலயும் பைப்பரின் இருக்கு. அது 3ஏ4-ஐயும், ஒட்டிவிடுற ரெண்டாம் படி நொதிகளையும் தடுக்கும். பெங்களூர் ஆய்வாளர்கள் 1998-ல வெளியிட்ட ஆய்வுல, மஞ்சள்ல இருக்கிற குர்குமினோட 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தப்ப ரத்தத்துல குர்குமின் 20 மடங்கு கூடிச்சு. ஈரல் அதைத் தள்ளிவிடாமப் போனதுதான் முக்கிய காரணம். நம்ம ஆளுங்க மிளகை எதோட சேர்க்கணும்னு தெரிஞ்சு சேர்த்திருக்காங்க, அதை நான் மதிக்கிறேன். ஜம்மு சிஎஸ்ஐஆர் ஆய்வகம் இதே குணத்தை வச்சு, ரிஃபாம்பிசின் அளவைக் குறைச்சு பைப்பரின் சேர்த்த ஒரு டிபி மாத்திரையையே உருவாக்கியிருக்கு. ஆனா அது அளந்து போட்ட மிளகு. ரசத்துல போடுற மிளகைப் பத்தி யாரும் பயப்பட வேண்டாம். லேபிள் இல்லாத பாட்டில்ல கெட்டியாக் காய்ச்சினது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?

கீழாநெல்லிக்கும் வர்றேன். 1988-ல நம்ம மெட்ராஸ் ஆராய்ச்சியாளர் தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமி தங்கியவங்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பாதிப் பேருக்கு மேல கிருமி அடையாளம் மறைஞ்சதா லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்துச்சு. பின்னாடி வேற இடங்கள்ல செஞ்ச ஆய்வுகள்ல அந்த முடிவு திரும்ப வரலை. அதுவும் கிருமியைப் பத்தின ஆய்வு, குளோர்பைரிபாஸைப் பத்தினது இல்ல. கொரோனா நேரத்துல சீந்தில் குடிச்சு ஈரல் அழற்சியோட வந்தவங்களை மும்பை டாக்டர்கள் பதிவு பண்ணினதும், ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்ததும் பேப்பர்லயே வந்துச்சு. சண்டை நடக்கட்டும். ஏற்கெனவே ஈரலைச் சோதிக்கிற மாத்திரை சாப்பிடுற ஒருத்தர் அந்தச் சண்டைக்கு நடுவுல போய் நிக்க வேண்டாம்.

மூலிகைப்பித்தன்:
என் பாட்டி தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சாங்க. அவ்வளவுதான் சொல்வேன்.

மெட்டுக்காரன்:
உங்க பாட்டி மருந்தடிக்கப் போகலைல்லண்ணே.

பீருமேடு_சிஸ்டர்:
தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில ரொம்ப வருசம் இருந்தவ. எனக்குக் கசாயத்தைவிட அந்தக் கால் பாட்டில்தான் பயம்.

நாங்க வழக்கமாப் பார்க்கிறது: மருந்தடிச்ச சாயங்காலம் தலைவலி, உடம்பு அசதி. “குளிர் பிடிச்சிருக்கு சிஸ்டர்”னு சொல்லி ரெண்டு பாராசிட்டமால் வாங்கிட்டுப் போவாங்க. மேல பிராந்தி. பாராசிட்டமால்ல பெரும்பகுதி ரெண்டாம் படி நொதிகள் வழியா சுத்தமாப் போயிரும். கொஞ்சம் மட்டும் 2இ1ங்கிற பி450 வழியாப் போய் நாப்க்விங்கிற விஷப்பொருளா ஆகும். குளூட்டத்தயோன் இருக்கிற வரைக்கும் அதை உடனே பிடிச்சுக்கும். தினம் குடிக்கிறவனுக்கு 2இ1 கூடியிருக்கும், ஒழுங்காச் சாப்பிடாததால குளூட்டத்தயோன் குறைஞ்சிருக்கும். நாப்க்வி ஈரல் செல்லையே தாக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுதான் உச்சம். குடிக்கிறவங்க அதுக்கு ரொம்பக் கீழயே நிக்கணும். கூடுதலா முழுங்கிட்டா வாந்தி நின்னு ரெண்டாம் நாள் தெளிவா இருக்கிற மாதிரி தெரியும், அதை நம்பக் கூடாது. அசிட்டைல்சிஸ்டீன்னு மாற்று மருந்து இருக்கு, சீக்கிரம் போனா காப்பாத்தும். குளூட்டத்தயோனைத் திரும்பச் செய்ய அது கைகொடுக்கும்.

இன்னொண்ணு. அந்தத் தலைவலி குளிரே இல்லாம இருக்கலாம். வாயில எச்சி ஊறுறது, வேர்த்துக் கொட்டுறது, கண்மணி ஊசிமுனையாச் சுருங்குறது, வயித்துப்போக்கு, தசை துடிக்கிறது, நெஞ்சு இறுக்குறது – இதுல எது சேர்ந்தாலும் ஆஸ்பத்திரிதான். ஆக்சான் தயாராக நேரம் எடுக்கும், அதனால வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்கூட ஆரம்பிக்கலாம். தோல்ல ஒட்டினது ராத்திரியெல்லாம் உள்ள போய்க்கிட்டே இருக்கும். கழுவணும்னா தோலைத்தான் கழுவணும். அங்கேயே, ஜீப்புல ஏர்றதுக்கு முன்னாடி, சோப்புப் போட்டு.

ஆண்டிபட்டி_மணி:
சிஸ்டர், பார்மசிஸ்ட் சார், நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஹார்ட்ல ஸ்டென்ட் வச்சு குளோபிடோகிரெல் சாப்பிடுறேன். 2சி19னு மேல படிச்சதும் டக்குனு ஞாபகம் வந்துச்சு, டாக்டரும் அந்தப் பேரைச் சொன்னாரு.

குமுளி_பார்மசிஸ்ட்:
ஆமா, அதே ஆள்தான். குளோபிடோகிரெல் முழுங்குறப்ப செயலில்லாத மாத்திரை, 2சி19 மாத்தினாதான் ரத்தத் தட்டுகளை ஒட்டவிடாமப் பண்ணும். தெற்காசியாவுல நிறையப் பேருக்கு இந்த நொதி பரம்பரையாவே மந்தம். ஒமிப்ரசோல் மாதிரி சில கேஸ் மாத்திரைகளும் அதைத் தடுக்கும். நீங்களா எதையும் நிறுத்தக் கூடாது, என்ன கேஸ் மாத்திரை போடுறீங்கன்னு டாக்டர்கிட்ட மட்டும் காட்டுங்க.

பாருங்க வாத்தியார் சார், 2சி19 மந்தமா இருக்கிறவன் ஏலத்தோட்டத்துல மருந்தடிச்சா, குளோர்பைரிபாஸை வெட்டிப் போடுற வழியும் அவனுக்குக் குறுகல்னுதானே ஆகுது?

போடி_வேதியியல்_வாத்தியார்:
கணக்குப்படி அப்படித்தான் வரும். ஆனா பான்1-ம் மத்த நொதியும் சேர்ந்துதான் முடிவாகும், ஒண்ணை மட்டும் வச்சு ஆளைத் தரம் பிரிச்சுரக் கூடாது. நாளைக்கு எந்த முதலாளியாவது ‘நொதி டெஸ்ட் பண்ணி நல்ல ஆளா வேலைக்கு எடுக்குறேன்’னு கிளம்பிருவான்.

ஆண்டிபட்டி_மணி:
கடைசியா ஒண்ணு. கொழுப்பு மாத்திரை சாப்பிடுறவங்க பம்பளிமாஸ் சாப்பிடக் கூடாதாமே? குமுளி ரோட்டோரம் குவிச்சு வச்சிருக்கான், பார்த்தா வாய் ஊறுது.

குமுளி_பார்மசிஸ்ட்:
அட்டோர்வாஸ்டாட்டின், சிம்வாஸ்டாட்டின்னா விட்டுருங்க. பழத்துல இருக்கிற ஃபுரானோகூமரின்ங்கிற சரக்கு குடல் சுவர்ல இருக்கிற 3ஏ4-ஐ நிரந்தரமா முடக்கும், குடல் புதுசாச் செய்ய ரெண்டு மூணு நாள் ஆகும். காலையில பழம், ராத்திரி மாத்திரைன்னு பிரிச்சாலும் தப்பிக்க முடியாது. இதே குடும்பத்து கிரேப்ஃப்ரூட்ல 1989-ல தற்செயலாத்தான் கண்டுபிடிச்சாங்க. ஒரு பிரஷர் மாத்திரை ஆய்வுல சாராய ருசியை மறைக்க அந்த ஜூஸை ஊத்தினாங்களாம், மாத்திரை ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறிருச்சு. ரோசுவாஸ்டாட்டின்னா இந்தத் தொல்லை இல்ல, எதுன்னு அட்டையைப் பாருங்க.

கூடலூர்_செல்வி:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவைக் கூட்டிட்டு டாக்டர்கிட்ட போனேன். கசாய பாட்டில், சுகர் சீட்டு, தோட்டத்துல கிடந்த மருந்து டப்பா லேபிள் போட்டோ மூணும் கொண்டுபோனேன். லேபிள் போட்டோவைப் பார்த்துத்தான் டாக்டர் நிமிர்ந்து உக்கார்ந்தார். கசாயம் வேண்டாம்னுட்டார். சுகர் மாத்திரையை மாத்தி எழுதியிருக்கார், டிபி கோர்ஸ் முடியுறப்ப மறக்காம வரச் சொல்லி சீட்டுலயே எழுதிட்டார். எல்எஃப்டி திரும்ப எடுக்கணுமாம். வாந்தி, மஞ்சக்கண்ணுன்னு அறிகுறியோட எஸ்ஜிபிடி மூணு மடங்கு தாண்டினாலோ, அறிகுறி இல்லாமலே அஞ்சு மடங்கு தாண்டினாலோ டிபி மாத்திரையை அவங்களே நிறுத்தி வேற மாதிரி ஆரம்பிப்பாங்களாம். நாமளா நிறுத்தவே கூடாதுன்னு அழுத்திச் சொன்னார். கோலினெஸ்டரேஸ்னு ஒரு டெஸ்ட்டும் எழுதியிருக்கார்.

அப்பா ஒரே பேச்சுதான் பேசுறார்: “சோப்புப் போட்டுக் குளின்னா எங்க குளிக்க? மேல குழாயா இருக்கு?”

பீருமேடு_சிஸ்டர்:
அந்தக் கோலினெஸ்டரேஸ் டெஸ்ட்டை மருந்தடிக்காம ஒரு மாசமாவது இருந்தப்புறம் எடுத்தாதான் அவரோட சொந்த அளவு தெரியும். ஆளுக்கு ஆள் அளவு வேறங்கிறதால, ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருந்தாலும் அவருக்கு அது இறக்கமா இருக்கலாம். கலிபோர்னியாவுல மருந்தடிக்கிறவங்களுக்குச் சட்டமே இருக்கு: சிவப்பணுவுல இருக்கிற நொதி சொந்த அளவுல 70 சதவீதத்துக்கு இறங்கினா, இல்ல பிளாஸ்மாவுல இருக்கிறது 60 சதவீதத்துக்கு இறங்கினா, அந்த வேலையில இருந்து எடுத்துரணும். பிளாஸ்மா நொதியை ஈரல்தான் செய்யுது, ஈரல் நோய்லயும் இறங்கும், அதை டாக்டர் பார்த்துக்குவார். ஒவ்வொரு தடவையும் ஒரே லேப்ல எடுங்க, லேப்புக்கு லேப் முறை மாறும்.

மெட்டுக்காரன்:
ஒரு மாசம் மருந்தடிக்காம இருன்னா கூலி யார் கொடுப்பா சிஸ்டர்?

நெடுங்கண்டம்_சின்னத்தோட்டம்:
என்கிட்ட இருக்கிற மூணு பேருக்கு அந்த ஒரு மாசம் களை வெட்டு, காய் எடுப்புன்னு வேற வேலை கொடுக்கலாம், டெஸ்ட் காசும் நான் பார்த்துக்கிறேன். ஷெட்டுக்கு மேல ஊத்துத் தண்ணி இருக்கு, ஓஸ் போட்டு ஒரு டிரம்முல பிடிச்சு வைக்கிறது பெரிய செலவில்ல. பெரிய எஸ்டேட்காரங்களைப் பத்தி நான் பேச முடியாது. செல்வி, உங்க அப்பா யார்கிட்ட வேலை பார்க்கிறார்னு தனியா மெசேஜ் போடுங்க, எனக்குத் தெரிஞ்ச ஆளா இருந்தா சொல்லிப் பார்க்கிறேன்.

கூடலூர்_செல்வி:
போடுறேண்ணே. இன்னொரு சந்தேகம், சிரிக்காதீங்க. முக்கால் பாட்டில் கசாயம் மீதி இருக்கு. முந்நூறு ரூபா கொடுத்து வாங்கினதாம், கொட்ட விட மாட்டேங்குறார்.

குமுளி_பார்மசிஸ்ட்:
கொட்டவே வேண்டாம். மூடியை இறுக்கி, வாங்கின தேதியையும் கடைசியாக் குடிச்ச தேதியையும் எழுதி ஒட்டுங்க. நாளைப்பின்ன அப்பாவுக்கு மஞ்சக்கண்ணு வந்தா, டிபி மாத்திரையா கசாயமான்னு பார்க்க டாக்டர் கேட்கலாம். உள்ள என்ன இருக்குன்னு சோதிக்க ஒரு சாம்பிள் வேணும். அடுப்படியில வைக்காதீங்க, அவர் கைக்கு எட்டாத இடமாப் பாருங்க.

கூடலூர்_செல்வி:
என் துணிப் பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு. சாவி எங்கன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார்.